நான் ஒன்றாக்கிய இரட்டைக் கோடு

1. பத்திரிகையில் வந்த சுவர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் பட்டறைக்குக் கட்டடக் கலைஞர் கிருபாகரன் வந்த அன்று அவர் கையில் வரைபடம் எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து எடுத்த ஒரே ஒரு வண்ணப் பக்கம் இருந்தது. அதை என் டிராயிங் போர்டின் மேல் விரித்து, என் செட் ஸ்கொயர்களையே எடுத்து மூலைகளில் பாரமாக வைத்தார்.

படத்தில் ஒரு கண்ணாடிச் சுவர். அதைச் சுற்றி அலுமினியச் சட்டமோ மரச் சட்டமோ இல்லை. ஒவ்வொரு கண்ணாடியையும் அதன் நான்கு மூலைகளில் இருந்த நான்கு போல்ட்டுகள் மட்டுமே பிடித்திருந்தன. பின்னால் நின்ற இரும்புத் தூணிலிருந்து நான்கு கால்களை விரித்த எஃகுக் கை ஒன்று அந்தப் போல்ட்டுகளைத் தாங்கியது. பிற்பாடு இத்தொழிலில் எல்லோரும் அதை ‘ஸ்பைடர்’ என்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் பட்டறையில், அதற்குப் பெயரே கிடையாது.

“வானகரத்துல ஒரு கார் ஷோரூம் வருது. முன்பக்கம் முழுக்க இப்படித்தான் வேணும்னு ஓனர் ஒத்தக் கால்ல நிக்கிறார்” என்றார் கிருபாகரன்.

எங்கள் முதலாளி தணிகாசலம் பருத்திப்பட்டில் தலைமுறைகளாகப் பயிர்செய்த குடும்பத்தில் பிறந்து, ஜன்னல் கிரில் செய்து இந்தத் தொழிலுக்குள் நுழைந்தவர். முடியாது என்ற சொல்லை வாடிக்கையாளர் முன்னால் அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை. பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது. டீடெயில் எங்க சார்?”

“அதுதான் என்கிட்டயும் இல்ல. நீங்க கண்டுபிடிச்சு, இந்த யார்டுலயே மூணு கண்ணாடி மாட்டிக் காட்டுங்க. சரியா நின்னா வேலை உங்களுக்கு. இல்லன்னா பம்பாய்ல ஒரு கம்பெனி தயாரா இருக்கு. ரெண்டு மாசம் டைம்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “மங்கை, நீதான் சாப்பாட்டு டயத்துலகூட புக்கு படிச்சிகினு கீறியே. இது எந்தப் புக்குல இருக்கும்?”

நான் அங்கே பதினோரு ஆண்டுகளாக டிரேசர். தலைமை வரைவாளர் பென்சிலில் வரைந்ததை, மேலே டிரேசிங் தாளைப் போட்டு மையில் எடுத்து, நகல்கள் போட அம்மோனியா பிரிண்டுக்கு அனுப்புவது என் வேலை. ஒவ்வொரு தாளின் வலது கீழ்மூலையிலும் மூன்று சிறு கட்டங்கள் இருக்கும்: டிரான் பை, டிரேஸ்டு பை, செக்டு பை; வரைந்தவர், படியெடுத்தவர், சரிபார்த்தவர். பதினோரு ஆண்டுகளாக என் முதலெழுத்துகள் நடுக்கட்டத்தை விட்டு நகர்ந்ததில்லை. வரைவாளர் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மஸ்கட்டுக்குப் போயிருந்தார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

“தேடிப் பாக்குறேன் சார்” என்றேன்.

“தேடிக் கண்டுபிடி. நீயே வரை. மொத கட்டத்துல உன் பேரையே போடு. சரியா வந்துச்சுன்னா அந்த நாற்காலி உன்னுது.”

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெல்டிங் பக்கம் போய்விட்டார். எனக்கு அன்று சாப்பிடத் தோன்றவில்லை.

2. பிளேடால் எடுத்த பக்கம்

இப்போது கணினியில் நான்கு சொற்களைத் தட்டினால் இணைப்புகளை விளக்கும் நூறு டீடெயில் வரைபடங்கள் வந்து விழுகின்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்த இளையவர்களுக்கு, ஒரு போல்ட்டின் குறுக்குவெட்டைத் தேடி ஒரு பெண் மின்சார ரயிலில் நகரம் முழுக்க அலைந்தாள் என்பது விளங்காமல் போகலாம். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்படி நிற்கும் சுவருக்கு டஃபன்ட் கண்ணாடிதான் போட முடியும்; அதாவது உலையில் சுட்டுக் கடினமாக்கியது. சுட்ட பிறகு அதில் துளை போட முடியாது, ஓரத்தைத் தேய்க்கவும் முடியாது. தொட்டால் முழுவதும் பொடிந்துவிடும். எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டரில் துளை என்பதை முன்கூட்டியே வரைந்து, வெளிமாநிலத்தில் இருக்கும் உலைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து வந்த துளையை இங்கே யாரும் திருத்த முடியாது.

பாரிமுனைக் கண்ணாடிக் கடைகளில் முதலில் விசாரித்தேன். “கண்ணாடி எவ்ளோ வேணும்னாலும் தரேம்மா. அத எப்படி மாட்டுறதுன்னு என்னக் கேக்காதீங்க” என்றார் ஒரு கடைக்காரர். பிறகு நூலகங்கள். சனிக்கிழமை அரைநாள் விடுப்பும் ஞாயிறும் அதற்கே போயின. நான்காவது வாரத்தில், ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில், கிருபாகரன் காட்டிய அதே கட்டடத்தைப் பற்றிய கட்டுரை பைண்டு செய்த தொகுதியில் அகப்பட்டது. பக்கம் பக்கமாகப் புகைப்படங்கள். டீடெயில் அடுத்த பக்கத்தில் என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கம் இல்லை. பைண்டிங்கை ஒட்டி, பிளேடால் நேராக எடுத்திருந்தார்கள்.

நூலகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“நேரா வெட்டியிருக்கான். ஸ்கேல் வெச்சு வெட்டியிருக்கான்னா ஆர்க்கிடெக்சர் பையன்தான்” என்றார். “ஒண்ணு பண்ணுங்க. பக்கத்த வெட்டினவன் அத சும்மா வெச்சிருக்க மாட்டான். தீசிஸ்ல ஒட்டியிருப்பான். பின்னாடி ரேக்ல எல்லாத் தீசிஸும் இருக்கு. எனக்கு முழங்கால் வலி, நீங்களே குனிஞ்சு பாருங்க.”

கடைசி வரிசையிலிருந்து தொடங்கி, மாலை ஐந்து மணிக்கு அதைக் கண்டேன். வெட்டிய பக்கம் அங்கேயும் இல்லை. அதன் நகல், பாதிக்கும் குறைவாகச் சுருக்கி, பின்னிணைப்பில் ஒட்டியிருந்தது. எண்கள் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தன. ஆனாலும் அது கண்ணாடி, அது எஃகுக் கை, அது இரண்டையும் சேர்க்கும் போல்ட். நூலகர் அந்த நகலுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தார். அம்பத்தூர் திரும்பும் ரயிலில் அதை மடிக்க மனமின்றி, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்தேன்.

3. சுத்தமான கை

எண்கள் தெரியாத படத்திலிருந்து அளவெடுப்பது எப்படி என்று பலர் பிற்காலத்தில் என்னிடம் கேட்டதுண்டு. அந்தப் படத்தில் ஒரே ஒரு எண் மிச்சமிருந்தது. கண்ணாடியின் தடிமன் பன்னிரண்டு மில்லிமீட்டர். நகலில் அது மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் இருந்தது. ஆகவே படம் நான்கில் ஒரு பங்கு. மற்ற அளவுகளை நான்கால் பெருக்கினேன். துளையின் குறுக்களவு நகலில் ஐந்தரை, உண்மையில் இருபத்திரண்டு.

நகலின் நகல் என்பதால், தாளில் இருந்த பெரும்பாலான கோடுகளுக்குக் கீழே ஒரு நிழல் விழுந்திருந்தது. இத்தகைய தாள்கள் எனக்குப் புதியவை அல்ல. மஸ்கட்டுக்குப் போன வரைவாளர் எனக்கு முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்தது, ஒரு விளிம்புக்கு ஒரு கோடு என்பதுதான். நிழல், கறை, பென்சில் தப்பு எல்லாவற்றையும் விலக்கி ஒரே கோடாக எடுப்பவளே நல்ல டிரேசர். “மங்கை கை சுத்தம்” என்று பேட்டையில் இருந்த மற்றப் பட்டறைகளிலும் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

போல்ட்டைச் சுற்றியும் கோடு இரட்டையாக இருந்தது. ஒன்றை ஒன்று ஒட்டி, முக்கால் மில்லிமீட்டர் தள்ளி. நான் அதை ஒன்றாக்கினேன். வெளிக்கோடு தெளிவாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டு உள்கோட்டை விட்டுவிட்டேன். துளையும் இருபத்திரண்டு, அதில் நுழையும் போல்ட்டும் மயிரிழை மட்டும் குறைவாக இருபத்திரண்டு.

பிறகு வலது மூலையில், முதல் கட்டத்தில், என் முதலெழுத்துகளைப் போட்டேன். மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

4. ஏழுமலை கேட்டது

துளைகளுக்கான வரைபடம் உலைக்குப் போனது. போல்ட்டுகளுக்கான வரைபடம் எங்கள் லேத்துக்கு, ஏழுமலையிடம் போனது.

ஏழுமலைக்கு ஏறக்குறைய என் வயது. சென்னீர்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். அவர் வீட்டில் எல்லோரும் மற்றவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். லேத்தில் கைவைத்த முதல் ஆள் அவர். அவர் கடைந்த எதையும் அதன் இடத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தால் ஆடாது. அதுதான் அவர் முத்திரை. புதிதாக வருபவர்கள் செய்ததைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா மச்சான், கிலுகிலுப்பையா செஞ்சிகீற?” என்பார்.

என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“யக்கா, ஒண்ணு கேக்கட்டா? கண்ணாடிக்கும் இந்த போல்ட்டுக்கும் நடுவுல இன்னா கீது?”

“ஒண்ணும் இல்ல ஏழுமலை. நேரா உள்ள போகுது.”

“இரும்பு நேரா கண்ணாடி மேல உக்காருமா?”

“ரெண்டு பக்கமும் ஃபைபர் வாஷர் இருக்கு பாருங்க.”

“அது பக்கத்துல யக்கா. நான் ஓட்டைக்குள்ள கேக்குறேன்.”

நான் டிரேசிங்கை இன்னொரு முறை பார்த்தேன். நான் எடுத்த கோடு ஒன்றுதான். “டிராயிங்ல இல்லை” என்றேன்.

“டிராயிங்ல இல்லன்னா இல்லதான்” என்று சொல்லிவிட்டு அவர் லேத்தைப் போட்டார். அந்தக் குரலில் குறையில்லை. தாளில் இருப்பதை நம்பும் ஒரு தொழிலாளியின் நேர்மைதான் அதில் இருந்தது. நான் நூலகத்தில் எடுத்த நகலை மறுபடி ஒரு முறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

5. மூன்று கண்ணாடிகள்

கண்ணாடிகள் மரப்பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு வந்துசேர்ந்தன. யார்டில் மேற்கு பார்த்து இரும்புத் தூண்களை நிறுத்தியிருந்தோம். புதன்கிழமை மாலைக்குள் மூன்றையும் ஏழுமலையும் அவருடைய ஆட்களும் ஏற்றி மாட்டினார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் முன்னால் நின்று, அதில் தெரிந்த தன் பிம்பத்தைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கிருபாகரன் வெள்ளிக்கிழமை காலை வருவதாக இருந்தது. வியாழக்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, வெயில் தூண்களின் மேல் முழுதாக விழுந்தபோது, நடுக்கண்ணாடி போனது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. லாரியிலிருந்து சரளை கொட்டியது போல ஒரு நொடி. எல்லோரும் ஷெட்டுக்குள் இருந்ததால் யாருக்கும் காயமில்லை. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது நான்கு போல்ட்டுகள் மட்டும் காற்றில் நின்றன. தரையெல்லாம் கல்கண்டு.

முதலாளி காற்றில் நின்ற போல்ட் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு, “யாருடா டைட் வெச்சது?” என்றார்.

“நான்தான் மொதலாளி” என்றார் ஏழுமலை. “கொஞ்சம் ஓவரா மொறுக்கிட்டேன் போல கீது.”

“போல கீதா? நாளைக்கு அந்தாளு வந்து நிப்பான். இன்னாடா காட்டுறது, ஓட்டையையா? இனிமே கண்ணாடிப் பக்கம் வராத. கிரில் செட்டுக்குப் போ.”

ஏழுமலை தலையைக் குனிந்தபடி துடைப்பத்தை எடுத்தார். நான் கேட்டேனே என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் போர்டுக்குப் போய், நகலை எடுத்து விளக்கின் அடியில் வைத்தேன். இம்முறை எதையும் சுத்தம் செய்யாமல், உள்ளது உள்ளபடி பார்த்தேன். தாள் முழுவதும் நிழல் கோட்டுக்குக் கீழேதான் விழுந்திருந்தது. எஃகுக் கையில் கீழே, தூணில் கீழே, போல்ட்டின் அடிப்பக்கத்திலும் இரண்டாவது கோடு கீழே. ஆனால் போல்ட்டின் மேல்பக்கத்தில் இரண்டாவது கோடு மேலே இருந்தது.

நகலில் விழும் நிழல் ஒரே பக்கமாகத்தான் விழும். ஒரு போல்ட்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் விழாது. ஆகவே அது நிழல் இல்லை. யாரோ ஒரு வரைவாளர் யோசித்து வரைந்த கோடு. உள்கோடு போல்ட், வெளிக்கோடு துளை; நடுவே மூன்று மில்லிமீட்டரில் மெத்தென்ற ஏதோ ஒன்று, அநேகமாக போல்ட்டைச் சுற்றி உட்காரும் ‘புஷ்’ என்ற நைலான் குழல்வளையம். வெயிலில் இரும்பு நீளும்போது கண்ணாடியை நெரிக்காமல் விட்டுக்கொடுக்கும் இடம் அதுதான். நான் அதைத்தான் விட்டுவிட்டிருந்தேன்.

என் வாழ்க்கையில் மிக நீளமான நடை, அந்த போர்டிலிருந்து யார்டு வரை நான் நடந்த முப்பது அடி. முதல் கட்டத்தில் என் எழுத்து ஏறிய முதல் தாள் அது. அந்த நாற்காலியும் அதில்தான் இருந்தது.

“சார், ஏழுமலை முறுக்கினதால உடையல. நான் ஒரு கோட்டை எடுத்துட்டேன்.”

முதலாளிக்கு உடனே புரியவில்லை. நகலையும் டிரேசிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது உன் பேரு போட்ட மொத டிராயிங்கு இல்ல?”

“ஆமாம் சார்.”

“நீ சொல்லலன்னா இது எனக்கு எங்க தெரியப்போவுது?”

“ஏழுமலைக்குத் தெரியும் சார். நடுவுல என்ன இருக்குன்னு அன்னிக்கே கேட்டார். நான்தான் ஒண்ணும் இல்லன்னேன்.”

முதலாளி திரும்பினார். “கேட்டியாடா?”

“கேட்டேன் மொதலாளி.”

“அப்ப ஏன்டா வாய மூடிகினு துடைப்பம் எடுத்த?”

“பேப்பரு அவங்களுது. மொறுக்குனது நானு” என்றார் ஏழுமலை. “பெரட்டிப் பாத்தா எம்மேலயும் கீது மொதலாளி. ஆட்டம் இருக்கக் கூடாதுன்னு நானும் இறுக்கித்தான் கடைஞ்சேன்.”

பிறகு அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என் கையில் இருந்த நகலை வாங்கினார். “யக்கா, இதுல ஓட்டை எவ்ளோ?”

“இருபத்திரண்டு.”

“நம்ம கண்ணாடில?”

“அதுவும் இருபத்திரண்டுதான்.”

“அப்போ ஓட்டை சரியாத்தான் கீது. போல்ட்டுதான் துன்னு கொழுத்துப் போச்சு. சீவிட்டா மிச்ச ரெண்டு கண்ணாடி பொழைச்சிக்கும்.”

அந்தக் கணம்வரை எனக்கு அது தோன்றவில்லை. என் தவற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில், தவறாமல் போன பாதி என் கண்ணில் படவில்லை.

6. மூன்று மணி வரை

எஞ்சிய இரண்டு கண்ணாடிகளைக் கழற்றி, எட்டுப் போல்ட்டுகளைப் பதினாறு மில்லிமீட்டருக்குக் கடைந்தோம். பின்தெருவில் மில் இயந்திரங்களுக்குப் பல்சக்கரம் செய்யும் பட்டறையில் நைலான் தடித் துண்டுகள் கிடந்தன. ஏழுமலை அங்கே போய், “மாமே, உன் குப்பையக் கொஞ்சம் குடு, என் மானத்தக் காப்பாத்திக்கிறேன்” என்று கேட்டு வாங்கிவந்தார். புஷ்களைக் கடைந்து முடித்ததும், ஒன்றைத் துளையில் போட்டு ஆட்டிப் பார்த்தார். இலேசாக அசைந்தது. பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் முகம் சுளித்தார்.

“கிலுகிலுப்பைதான் யக்கா. கேட்டா நீ வரைஞ்சன்னு சொல்லுவேன்.”

“சொல்லுங்க. இந்தத் தடவ வரைஞ்சிருக்கேன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு இரண்டு கண்ணாடிகளும் ஏறிவிட்டன. நடு இடம் காலி. பதினொன்றுக்குக் கிருபாகரன் வந்தார். முன்னால் நின்றார், பின்னால் போனார், போல்ட்டின் தலையைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

“நடுவுல எங்க?”

முதலாளி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். “நேத்து உடைஞ்சிடுச்சு சார். வெயில் ஏறினதும். தப்பு என் டீடெயில்ல. சரிபண்ணியிருக்கோம். ஆனா சரியாயிடுச்சான்னு மூணு மணிக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் இருக்க முடியுமா?”

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை. கிருபாகரன் கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஒரு ஸ்டூலை இழுத்து நிழலில் போட்டுக்கொண்டார்.

இரண்டு மணிக்கு வெயில் தூணின் அடியைத் தொட்டது. இரண்டரைக்கு ஏழுமலை துடைப்பத்தை எடுத்துவந்து கையருகே வைத்துக்கொண்டார். இரண்டே முக்காலுக்கு முதலாளி எழுந்து தூணில் கைவைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார். கண்ணாடிகளில் எதிர்ப்பட்டறையின் ஓட்டுக்கூரையும் வானமும் அசையாமல் இருந்தன. மூன்று மணிச் சங்கு ஊதியது. மூன்றேகாலுக்குக் கிருபாகரன் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“உடைஞ்சத எடுத்து மறைச்சிட்டு ரெண்ட மட்டும் காட்டியிருந்தீங்கன்னா பதினொன்றரைக்கே ஓகே சொல்லிட்டுப் போயிருப்பேன் மேடம்” என்றார். “ஆனா ஷோரூம்ல இருபத்துநாலு கண்ணாடி. அடியில மனுஷங்க நடப்பாங்க. திருத்தின டிராயிங்க அனுப்புங்க.”

7. கொக்கி

திருத்திய தாளில், மாற்றங்களைக் குறிக்கும் பத்தியில், ‘துளைக்குள் நைலான் புஷ் சேர்க்கப்பட்டது’ என்று எழுதினேன். முதல் கட்டத்தில் மறுபடியும் என் எழுத்துகள். மூன்றாவது கட்டத்தில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், ஏழுமலையைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். லேத்மேன் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது எங்கும் வழக்கமில்லை. முதலாளி பார்த்துவிட்டு, “போட்டும், கேட்டவன் அவன்தானே” என்றார். ஏழுமலை எண்ணெய்க் கையை மூன்று முறை துடைத்துக்கொண்டு, பெயரை முழுதாக எழுதினார். கட்டத்துக்குள் அடங்காமல் ‘லை’ வெளியே நின்றது.

அந்தச் சுவர் வானகரத்தில் நின்றது. அதன் பிறகு எங்கள் பட்டறையில் கிரில் வேலை குறைந்து கண்ணாடி வேலை கூடியது. காலியாக இருந்த நாற்காலியில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்தேன்.

என் கை அதற்குப் பிறகு முன்போல் சுத்தமாக இல்லை. புரியாத கோடு ஒன்று கண்ணில் பட்டால் அதை அழிப்பதில்லை. அப்படியே எடுத்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு லேத்துக்கு அனுப்புவேன். என்னிடம் வேலை கற்க வந்தவர்களிடமும் இதைத்தான் சொன்னேன்: தேடிக் கண்டெடுத்த படத்தில் நமக்கு விளங்காத கோடு பெரும்பாலும் நம்மைவிட அதிகம் தெரிந்த ஒருவர் போட்டது, அது எதற்கு என்று தெரியும்வரை தொடாதீர்கள்.

வாரத்துக்கு ஒரு முறையாவது ஏழுமலை கையில் தாளோடு என் போர்டுக்கு வந்து நிற்பார்.

“யக்கா, இங்க ஒரு கொக்கி மாட்டி வெச்சிகீறியே, இன்னா சமாச்சாரம்?”

“தெரியல ஏழுமலை. அதான் மாட்டியிருக்கேன்.”

“அப்ப சரி, வா, ரெண்டு பேருமா பாக்கலாம்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்.